ஒரு வீட்டுக்கு ஒன்றுதான்

தங்கபுஷ்பம் தன் வாழ்நாளில் ஒரே ஒரு காலை மாதாவாக இருந்தாள். அதற்கு முன்னால் ரங்கூனில் அரிசி ஆலைக் கூலி ஒருவனின் மனைவி. அதற்குப் பின்னால் மயிலாப்பூரில் வீடு வீடாகப் போய் மாவரைத்தவள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லும் அவள் கை பட்டதுதான். எங்கள் கோயில் பங்கு ஜனங்களுக்கு அவளைப் பற்றி நினைவிருப்பது அந்த ஒரு காலை மட்டும். அதையும் தப்பாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். "என்ன பக்தி, என்ன பாசம்!" என்று அவர்கள் உருகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்ததை எனக்குச் சொன்னவள் வெரோனிகா. தங்கபுஷ்பத்தோடு பர்மாவிலிருந்து நடந்தே வந்தவள்.

கோயிலின் பெயர் வேண்டாம். மயிலாப்பூரில் கடல் பக்கம் என்பதோடு விடுகிறேன். போர்த்துகீசியர் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் என்று எங்களுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. வீட்டுக்கு வீடு ஒரு வாத்தியார், ஒரு குமாஸ்தா, ஒரு கன்னியாஸ்திரி. தர்மம் செய்தால்கூட அதை ஒழுங்காக, வரிசையாக, நாலு பேர் பார்க்கத்தான் செய்வோம்.

கிறிஸ்மஸுக்கு நாலு ஞாயிறு இருக்கும்போதே கோயில் வாசலில் முன்னணையை வைத்துவிடுவார்கள். மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி மாதிரி மரத்தில் செய்தது. பூசைக்கு வருகிறவர்கள் அதில் துணி போடுவார்கள், பிடியரிசி போடுவார்கள், வசதியுள்ளவர்கள் கம்பளி போடுவார்கள். சேர்ந்ததைத் திருநாளன்று பங்கிலுள்ள ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். யுத்த காலத்தில், ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகள்கூடப் பிடியரிசி போட்டன.

அந்தத் தர்மத்தின் பெரிய விசேஷம் மூவர். ஏழைகளில் ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு சின்னக் குழந்தை என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, சூசையப்பர், மாதா, பாலன் சேசு என்று புதுத்துணி உடுத்தி, திருநாள் பூசையில் குடிலுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பங்கு முழுவதும் வரிசையில் வந்து பாலனின் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்யும். மற்ற ஏழைகளுக்கு ஒரு துணி, ஒரு படி அரிசியோடு சரி. மூவருக்கு மட்டும் வருஷம் முழுவதும் உண்டு. சூசையப்பருக்குக் கன்னியர் மடத்தில் மத்தியானச் சாப்பாடு. மாதாவுக்கு நீலக்கரைப் புடவையும் மாதந்தோறும் அரிசியும். பாலனுக்குத் தினமும் பால். பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து, கண்ணெதிரே கறந்து, குழந்தையின் தாய் கையில் கொடுப்பார்.

பால் நோரா டீச்சரின் செலவு. கான்வென்டில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மாதா சபைக்குத் தலைவி. நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். முன்பு ஒருத்தி தன் பிள்ளைக்கு வந்த பாலைக் காபி கிளப்புக்கு ஊற்றிவிட்டாள் என்பதால், அதன் பிறகு டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் காலையில் வந்து நிற்பார். குழந்தை குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது தங்கபுஷ்பத்தின் பிள்ளை மரியதாஸ் மடிக்குழந்தை. கப்பலில் இடம் கிடைக்காத தமிழ்க் கூலிகளோடு அவளும் புருஷனும் காட்டு வழியே நடந்தார்கள். புருஷன் வழியில் வாந்திபேதியில் போனான். வெரோனிகா புருஷனை முன்பே இழந்தவள். அவள் இடுப்பிலும் தாஸ் வயசில் ஓர் ஆண்குழந்தை இருந்தது. அதுவும் பாதி வழியில் இறந்துவிட்டது. ஒரு மரத்தடியில் கையாலேயே மண்ணைப் பறித்துப் புதைத்துவிட்டு நடந்தாளாம். அதற்கப்புறம் தங்கபுஷ்பத்துக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியபோது, வெரோனிகாதான் தாஸைத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் உயிரோடு இந்தியா வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவள்தான்.

இரண்டு பேருடைய பெற்றோரும் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். திரும்பி வந்தவர்களுக்குப் போய்ச் சேர வீடு என்று ஒன்று இல்லை. ஷரஃபுதீன் சாயபு என்ற தோல் வியாபாரி, மூடிக்கிடந்த தன் கிடங்கை வாடகை கேட்காமல் பர்மாக்காரர்களுக்கு விட்டிருந்தார். உள்ளே கோணிச்சாக்கைக் கட்டித் தடுத்துக்கொண்டால் அது ஒரு வீடு. அந்த மாதிரி வரிசையாக வீடுகள். தோல் நாற்றம் மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது.

தங்கபுஷ்பத்துக்கு மந்தைவெளியில் ஒரு கரிக்கிடங்கில் வேலை கிடைத்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்களெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்த காலம். நாளெல்லாம் கரி சலித்து மூட்டை கட்டுவாள். பிள்ளையைப் பகலில் வெரோனிகா பார்த்துக்கொண்டாள். தாஸுக்கு இரண்டு வயசு தாண்டியும் நடை வரவில்லை. வயிறு முன்னால் தள்ளியிருக்கும், கால்கள் குச்சி. தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "மருந்து ஒண்ணும் வேண்டாம், பால் குடு" என்றார். கடலில் போய் உப்புத்தண்ணீர் மொண்டுகொண்டு வா என்பதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாராம். வேலைக்குப் போகிறவர்களே காபிக்குப் பால் வாங்க யோசித்த வருஷம் அது. அவள் கூலி கேழ்வரகுக்கே போதவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் பட்டணமே மிதந்தது. தோல் கிடங்குக்குள் தண்ணீர் வந்து, வடிந்த பிறகு தாஸுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். அதனால் ஞாயிறுகளில் அவனை வெரோனிகாவிடம் விட்டுவிட்டுத் தங்கபுஷ்பம் மட்டும் பூசைக்கு வருவாள்; அவள் வந்த பிறகு வெரோனிகா அடுத்த பூசைக்குப் போவாள். தங்கபுஷ்பம் கடைசி வரிசைக்குப் பின்னால் முட்டிபோட்டு இருப்பாள். நோரா டீச்சர் அவளை அங்கேதான் பார்த்தார். கறுப்பான, நீண்ட முகம், பெரிய கண், முக்காட்டை அவள் இழுத்து விட்டுக்கொள்ளும் விதத்தில் டீச்சருக்குச் பீடத்தில் சிலையாக நிற்கும் மாதா தெரிந்திருக்கிறாள். யார் என்று விசாரித்தார். பர்மாவிலிருந்து வந்தவள், புருஷன் செத்துவிட்டான் என்றார்கள். தனிக்கட்டை என்று டீச்சர் தானாக முடிவு கட்டிவிட்டார்.

மூவரின் பெயரைப் பீடத்திலிருந்து வாசிப்பது எங்கள் வழக்கம், கல்யாண ஓலை வாசிப்பதைப்போல. முதல் ஞாயிறு மாதா, இரண்டாம் ஞாயிறு சூசையப்பர், மூன்றாம் ஞாயிறு பாலன். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு சாமியார், "மாதா: பர்மா தங்கபுஷ்பம்" என்று வாசித்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புடவையை நினைத்து அல்ல. மாதாவென்றால் மடியில் பாலன் உண்டு. தான் மாதா என்றால் பாலன் தாஸ்தானே, பிறகென்ன, பால் வந்துவிட்டது என்று நினைத்தாள். தாய் ஒருத்தியைக் கூப்பிட்டுவிட்டு அவள் பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் லஸ் பக்கமிருந்த டீச்சர் வீட்டுக்கு ஓடினாள்.

"வா தங்கபுஷ்பம். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கணும், நானே கூப்பிட்டனுப்பலாம்னு இருந்தேன்" என்றார் டீச்சர்.

"டீச்சரம்மா, மாதா மடியில குந்தற புள்ளைக்குத்தானே பாலு?"

"ஆமாம். பாலன் யாருன்னு இன்னும் முடிவாகலை. நீ ஒரு வீடு. சூசையப்பருக்கு ஆம்ப்ரோஸ் தாத்தா, அவர் ஒரு வீடு. பாலன் வேற ஒரு வீட்டிலேர்ந்து வரணும். ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான், அது ரூல். அப்பத்தானே மூணு வீட்டுல அடுப்பு எரியும்?"

நியாயமான விதிதான். ஒரு காலத்தில் ஒரே குடும்பம் மூன்றையும் வாரிக்கொண்டு போனதில் கோயில் வாசலில் குடுமிப்பிடிச் சண்டை நடந்து, அதன் பிறகு ஏற்படுத்தியது.

"மாதாவா குந்தறவளுக்கே ஒரு புள்ள கீதுன்னா?"

"அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. அதான் அம்மாவுக்கு அரிசி வருதே. ஏன், உனக்கென்ன, உனக்குத்தான் யாருமில்லையே."

"மாதா வேணாம், பாலன் போதும்னு ஒருத்தி சொன்னா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "பீடத்துல ஓலை வாசிச்ச பிறகா? சாமியார் வாசிச்சதை யாராவது திருப்புவாங்களா? மாதாவா இருக்க மாட்டேன்னு யாராவது சொல்லுவாளா, அசடு!" பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "உங்க ஷெட்டுல சின்னக் குழந்தை யாருக்காவது இருக்கா? இல்லாதப்பட்டவளா, ஒழுங்கா பால் கொடுக்கறவளா இருக்கணும்" என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். என் பிள்ளை ஒருத்தன் இருக்கிறான், எனக்குப் புடவை வேண்டாம், அரிசி வேண்டாம் என்று டீச்சர் காலில் விழுந்திருக்கலாம். டீச்சரும் மனம் இளகியிருக்கலாம். இன்றைக்கு விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நாம் ஆயிரம் சொல்லலாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பீடம், ஓலை, ரூல். இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் இல்லைதான்.

"கீது டீச்சரம்மா. வெரோனிகா அக்கா புள்ள. தாஸுன்னு பேரு" என்றாள்.

அன்று சாயங்காலம் கரி அப்பிய முகத்தோடு வந்து, கோணித்திரையை விலக்கி, வெரோனிகாவிடம் சொன்னாள். வெரோனிகா தாஸின் காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி சொல்லிக்கினு வந்தே? எம்புள்ளன்னா?"

"வாயில வந்திட்சுக்கா."

"சாமி சத்தியமா நான் வர மாட்டேன். கோயில்ல போய் பொய் சொல்றதா? என் புள்ளைய அங்க புதைச்சிட்டு வந்துக்கிறேன்டி நானு. இப்ப இன்னொரு புள்ளைய எம்புள்ளன்னு தூக்கிக்கினு பீடத்தாண்ட போய் நிக்கச் சொல்றியா?"

தங்கபுஷ்பம் தாஸின் காலைப் பிடித்துக் காட்டினாள். அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவன் தொடையைச் சுற்றிவந்து முட்டின. வெரோனிகா ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம், "ஒரு வருஷம்தானே" என்றாள். இதை என்னிடம் சொன்னபோது வெரோனிகா இன்னொன்றும் சொன்னாள்: "பொய் சொல்லலாமான்னு நான் கேட்டேன், வாஸ்தவம்தான். ஆனா உள்ளுக்குள்ள சந்தோஷம் இருந்திச்சு. அத்தயும் எழுதிக்கோ."

மூன்றாம் ஞாயிறு, "பாலன்: பர்மா வெரோனிகாவின் மகன் மரியதாஸ்" என்று வாசித்தார்கள். கிடங்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் நின்றிருந்தார்கள். ஒருவர் விடாமல் தரையைப் பார்த்தார்கள். யாரும் தடை சொல்லப் போகவில்லை. காட்டு வழியில் ஒன்றாக நடந்தவர்கள், ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கமாட்டார்கள்.

ஆம்ப்ரோஸ் தாத்தா மட்டும் கிடங்கைச் சேர்ந்தவர் அல்ல. ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கண் போன பிறகு விட்டுவிட்டார். திருநாளுக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று மூவருக்கும் டீச்சர் சொல்லிக் கொடுத்தபோது தாஸ், "ம்மா, ம்மா" என்று தங்கபுஷ்பத்தின் கழுத்தை விடவில்லை. டீச்சர் பூ வாங்க அந்தப் பக்கம் போனதும் கிழவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு கண்ணு எனக்கு எப்பவோ அவுட்டு. இன்னிலேர்ந்து காதும் அவுட்டுன்னு வச்சிக்கோம்மா" என்றார். அவளுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்ததாம்.

யுத்தத்துக்காக இருட்டடிப்பு உத்தரவு இருந்ததால் அந்த வருஷம் நடுச்சாமப் பூசை கிடையாது. விடியற்காலைப் பூசைதான். தங்கபுஷ்பம் நீலக்கரைப் புடவையில், தலையில் வெள்ளை முக்காட்டோடு குடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெல்வெட் சட்டையும் ஜரிகைக் குல்லாவுமாகத் தாஸ். பாதத்தை முத்தி செய்ய வந்தவர்கள் அவன் காலின் மெலிவைப் பார்த்து, "பாலன் நிஜமாவே ஏழை வீட்டுப் பிள்ளைதான்" என்று திருப்தியோடு சொல்லிக்கொண்டு போனார்கள். என் அம்மாவும் அந்த வரிசையில் இருந்தாள். "ஒரு பொம்பளை இப்படிப் பிள்ளையைப் பார்த்து நான் கண்டதில்லை" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் ஒப்படைப்பு நடக்கும். சாமியார் பாலனை மாதாவின் மடியிலிருந்து எடுத்து, சிலுவை வரைந்து, பெற்ற தாயின் கையில் கொடுப்பார். கூடவே பால் வாங்க ஒரு புதுச் சொம்பு. வெரோனிகா முன்னால் வந்து கையை ஏந்தினாள். சாமியார் தூக்கினார். தாஸ் தங்கபுஷ்பத்தின் முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம்மா!" என்று கோயில் அதிரக் கத்தினான். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பிரித்தவள் தங்கபுஷ்பம்தான்.

"பாலனுக்கு மாதாவை விட மனசில்லை பாரேன்!" என்று யாரோ சொன்னார்கள். கோயிலே சிரித்தது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் பாடகர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து மாடு வந்தது. வெரோனிகாவின் கோணித்திரைக்கு எதிரில் நின்றது. வைக்கோல் கன்றைக் காட்டிப் பால்காரர் கறந்தார். வெரோனிகா சொம்பு நிறைய வாங்கி, காய்ச்சி, ஆற்றி, தாஸுக்குப் புகட்டினாள். ஒரு சொட்டு அவள் நாக்கில் பட்டதில்லை. எந்தக் காலை டீச்சர் வந்து நிற்பார் என்று தெரியாததால் தாஸ் ராத்திரியும் அவள் பாயிலேயே படுத்தான். தங்கபுஷ்பம் திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் டீச்சர் நின்றிருக்கும்போது அவன், "ம்மா" என்று தங்கபுஷ்பத்தை நோக்கித் தவழ்ந்துவிட்டான். "மாதா வேஷம் இன்னும் மறக்கலை இவனுக்கு" என்று டீச்சர் சிரித்தார். இன்றைக்குச் சிரித்தவர் நாளைக்கு யோசிக்க மாட்டாரா? அன்று முதல் சாயங்காலங்களில் தங்கபுஷ்பமே பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா எங்க? அதோ! அதான் அம்மா. நான் தங்கம். சொல்லு, தங்கம்."

அவன் மந்தபுத்தி இல்லை. பால் உள்ளே போகப்போகச் சூட்டிகை கூடியது. சீக்கிரமே கற்றுக்கொண்டான். "தங்கம், தங்கம்" என்று கைகொட்டுவான். அவள் கரியோடு வந்து நின்றால், "தங்கம் கறுப்பு" என்று சிரிப்பான். அவள் சந்தோஷப்பட்டாள் என்றுதான் வெரோனிகா சொன்னாள். கன்னத்தில் சதை வந்துவிட்டது, வயிறு உள்ளே போய்விட்டது. ஈஸ்டர் கழிந்து ஒரு நாள் எழுந்து நின்று, நாலு எட்டு வைத்து நடந்தான். தங்கபுஷ்பம் இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் நடந்தது வெரோனிகாவிடம்.

"அய்ய, உன்னாண்ட வரட்டும்டி, நான் நவுந்துக்கிறேன்" என்று வெரோனிகா எழப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா. டிசம்பர் வரைக்கும்தானே. அப்பால நான் அவன இஸ்துகினு இந்தப் பக்கம் வந்துருவேன். ரெண்டு நாளு அழுவான், அப்பால சரியாப் பூடும்."

அவள் கணக்கு அதுதான். டிசம்பரில் வேறு மூவர் வருவார்கள். மாடு வேறு வாசலுக்குப் போகும். யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதற்குள் பிள்ளை தேறிவிடுவான்.

ஆகஸ்டில் தாஸுக்குத் தொண்டை கட்டியது. முதலில் சளி என்று நினைத்தார்கள். மறுநாள் கழுத்து வீங்கி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. பாலைப் புகட்டினால் மூக்கு வழியே வந்தது. காலையில் மாட்டோடு வந்த நோரா டீச்சர் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஐயோ, தொண்டை அடைப்பான்!" என்று ஓடிப்போய், அவரே ஆளனுப்பிக் கார்ப்பரேஷன் வண்டியை வரவழைத்தார். டீச்சர் மட்டும் அன்று இல்லையென்றால் அந்த வண்டி வந்தே இருக்காது.

தொத்து ஆஸ்பத்திரி வண்டி. கிடங்கு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வண்டியில் வந்தவர் மூக்கில் துணி கட்டியிருந்தார்.

"பெத்த தாயார் ஒருத்தர்தான் கூட வரலாம். வேற யாரும் உள்ளே பார்க்கவும் முடியாது. தாயார் யாரு?"

வெரோனிகாவின் தோளில் தாஸ் கிடந்தான். அவள் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. தங்கபுஷ்பம் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தார். இவர் எதிரில் இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும்? பொய் சொல்லிப் பால் வாங்கியவர்கள் என்று ஆகும். நாளையிலிருந்து மாடு வராது. பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வருவான். அப்போதுதானே அவனுக்குப் பால் அதிகம் வேண்டும்? அவள் அவன் சாவான் என்று நினைக்கவே இல்லை. அதை நினைத்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும். திரும்பி வருபவனுக்கு என்ன கொடுப்பது என்றுதான் நினைத்தாள்.

"போக்கா. சீக்கிரம் இட்டுக்கினு போ" என்றாள்.

வண்டிக் கதவைச் சாத்தினார்கள். தாஸ் கண்ணைத் திறந்திருந்தானா மூடியிருந்தானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. வெரோனிகாவின் தோள் மறைத்துவிட்டது.

அன்று பகல் முழுவதும் தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றாள். யாரென்று கேட்ட காவலாளியிடம், "பக்கத்து வூடு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சேதி சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. மறுநாள் விடிந்ததும் வெரோனிகா வெறுங்கையோடு வெளியே வந்து, சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தானாம். கடைசியில் யாரைத் தேடினான் என்று தங்கபுஷ்பம் கேட்கவில்லை, வெரோனிகாவும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு டீச்சர்தான் எல்லா ஏற்பாடும் செய்தார். ஆஸ்பத்திரியில் பெட்டியை ஆணி அடித்துத்தான் கொடுத்தார்கள், திறக்கக் கூடாது என்று உத்தரவு. சின்னப் பெட்டி, வெள்ளை வர்ணம், மேலே வெள்ளைப் பூ. ஏழு வயசுக்கு முன்னால் செத்த பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போகும் சம்மனசு, அதாவது தேவதூதன், என்பது எங்கள் வேதத்தில் நம்பிக்கை. அதனால் சாவு மணி அடிக்க மாட்டார்கள், திருநாள் மணிதான். கறுப்பு உடுப்பு கிடையாது. சத்தம் போட்டு அழுதால் பெரியவர்கள் கண்டிப்பார்கள். போன கிறிஸ்மஸின் பாலன் என்பதால் பங்கில் பாதிப் பேர் கல்லறைக்கு வந்துவிட்டார்கள். திருநாள் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, "பெத்தவ முதல்ல மண் போடும்மா" என்றார்.

வெரோனிகா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். போடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கடைசியில் நின்றிருந்த தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்துக் குழியண்டை இழுத்து வந்தாள். அந்த மண்ணை அவள் கையில் வைத்து மூடினாள்.

"நீ போடு."

தங்கபுஷ்பம் குழியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். இனி யாருக்கும் பால் வேண்டாம், எதற்குப் பயப்பட வேண்டும்?

"டீச்சரம்மா, இவன் எம்புள்ள. நான் பெத்த புள்ள. எம்புள்ள டீச்சரம்மா!" என்று கத்தினாள். கல்லறைச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன.

"ஆமா சாமி. அவ புள்ளதான். என்னுது இல்ல. நான் பெத்தத நான் பர்மாவுலயே புதைச்சிட்டேன்" என்றாள் வெரோனிகா.

சாமியார் பக்கத்திலிருந்தவரை என்ன என்பதுபோலப் பார்த்தார். அப்புறம் ஒரு பெண் விம்மினாள். இன்னொருத்தி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டிக்க வேண்டிய பெரியவர்களே அழுதார்கள். நோரா டீச்சரின் முகம் முழுக்கக் கண்ணீர்.

"பெத்தவளே எப்படி விட்டுக் கொடுக்கறா பாருங்க சுவாமி" என்று வெரோனிகாவைக் காட்டினார். வந்து தங்கபுஷ்பத்தின் இரண்டு தோளையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவ்வளவு அன்பாக யாரும் அவளைத் தொட்டதில்லை.

"ஆமாம்மா" என்றார். "உன் பிள்ளைதான். மாதாவுக்கு எல்லாரும் பிள்ளைங்கதான்."

தங்கபுஷ்பம் மண்ணைப் போட்டாள்.